கடலடிச் சேற்றில் கிடக்கும் கடன்

(ஜோர்ஜ்டவுனில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரிமை என்று மேடை போட்டால் நாம் வழக்கமாகப் பேசுவது எவை? கோவில் நிலம், தமிழ்ப்பள்ளி, அடையாள அட்டை, வீட்டுடைமை, சம்பளம். இவை எல்லாமே பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது சேற்றைப் பற்றி. ஜூரு ஆற்று முகத்திலும் ஜெலுத்தோங் கரையிலும் கடல் வற்றும் நேரத்தில் கறுப்பாகத் தெரிகிறதே, அந்தச் சேற்றைப் பற்றி.

"வக்கீலுக்குச் சேற்றில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கரையில் யார் யார் எதை எதைக் கொட்டினார்கள் என்ற கணக்கு அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. ஆற்று நீர் ஓடிவிடும். புகை காற்றோடு போய்விடும். சேறு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கொட்டியவர்கள் அடைக்காத கடன் அது. அந்தக் கடனை யார் அடைப்பது என்பதுதான் என் பேச்சு. கொட்டியவர் அடைக்காவிட்டால், அதை நம்முடைய வரிப்பணமும் நம்முடைய உடம்பும்தான் அடைக்கும். அதனால் இது நம்முடைய உரிமைப் பிரச்சினை.

இந்தக் கரையில் நமக்கு என்ன பங்கு?

"கடல் மலாய், சீன மீனவர்களின் விவகாரம், நமக்கென்ன?" என்று நம்மவர்களே சிலர் சொல்வதுண்டு. கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைகளில் எத்தனை தமிழ்க் கைகள்! தீவில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் ஜாலான் யோர்க் பக்கத்தில் இருக்கும் டோபி காட் நம்மவர்களின் வண்ணாந்துறை. நகரத்தின் துணிகளை அந்த ஆற்றுத் தண்ணீரில் வெளுத்து வாழ்ந்தார்கள். அந்தத் தண்ணீர் பினாங்கு ஆற்றில் கலந்துதான் கடலுக்குப் போகிறது. பின்னாளில் அதே பினாங்கு ஆறு நாட்டின் மோசமாக மாசுபட்ட ஆறுகளின் வரிசையில் பேசப்பட்டது. அதைத் துப்புரவு செய்யும் திட்டங்கள் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன.

செபராங் பிறைப் பக்கம் வாருங்கள். பத்து காவான் தோட்டம் இருந்த இடத்தில் இன்று பெரிய தொழிற்பேட்டை. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் எங்கே போயின? தாமானுக்கும் பிளாட்டுக்கும். எந்த வேலைக்கு? பிறை தொழிற்சாலைகளின் ஷிப்ட் வேலைக்கு. ஆக, அந்தத் தொழிற்சாலைக்குள் நிற்பதும் நாம். அதன் கால்வாய் போய்ச் சேரும் ஆற்றோரம் குடியிருப்பதும் நாம். அந்த ஆற்று முகத்துச் சேற்றில் விளையும் கெராங்கை வாங்கிச் சம்பல் வைப்பதும் நாம். மாசி மகத்தன்று தெலுக் பஹாங்கில் அம்மனைத் தெப்பம் ஏற்றுவதும், பெற்றோரின் அஸ்தியைக் கரைப்பதும் இந்தக் கடலில்தான். இதற்கு மேலும் "நமக்கென்ன?" என்று கேட்க முடியுமா?

சேற்றுக்குள் நடப்பது என்ன?

விஞ்ஞானத்தை எளிமையாகச் சொல்கிறேன். தொழிற்சாலைக் கழிவில் செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் கலந்திருக்கலாம். இவை தண்ணீரில் நெடுநேரம் மிதப்பதில்லை. களிமண்ணின் மிக நுண்ணிய துகள்களிலும் மக்கிய இலை தழைகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஆறு கடலைச் சேரும் இடத்தில் நீரோட்டம் தளர்கிறது. உப்புத் தண்ணீர் பட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் படிகின்றன. அதனால்தான் ஆற்று முகத்துச் சேறு ஒரு மாவட்டத்தின் கழிவையெல்லாம் சேர்த்து வைக்கும் கிடங்கு ஆகிறது.

எண்ணெயும் சாக்கடைக் கழிவும் காலப்போக்கில் ஓரளவு மக்கும். உலோகம் மக்காது. ஈயம் ஐம்பது ஆண்டு கழித்தும் ஈயம்தான். மேலே புதிய வண்டல் படிந்தால் அது புதைந்து கிடக்கும். புயல் அடித்தாலோ, கப்பல் போனாலோ, தூர்வாரும் இயந்திரம் கிளறினாலோ மீண்டும் மேலே வரும்.

ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேறு கறுப்பாக இருந்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அது நஞ்சு என்று முடிவு கட்டிவிட முடியாது. காற்றுப் படாத சேறு எங்கும் அப்படித்தான் இருக்கும். சுத்தமான பாக்காவ் காட்டுச் சேறும் கறுப்புதான். அதே நேரத்தில், பார்வைக்கு நல்லதாகத் தெரியும் சேற்றில் உலோகம் இருக்கலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் இது பிடிபடாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். ஆகவே நம்முடைய முதல் கோரிக்கை, சோதியுங்கள், முடிவை எங்களுக்குச் சொல்லுங்கள் என்பதுதான்.

கெராங் சேற்றுக்குள்ளேயே வாழ்கிறது. தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி, அதில் வரும் நுண்துகளைத் தின்கிறது. துகளோடு வரும் உலோகம் அதன் உடம்பில் சேர்கிறது. கெராங்கைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகம் போகாது. எத்தனை முறை கழுவினாலும் போகாது. காட்மியம் நாள்பட்டுச் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சந்தையில் விற்கும் கெராங் எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. அதை வளர்த்து வயிறு பிழைக்கும் ஏழை மீனவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். ஆனால் தொழிற்சாலைக் கால்வாய்க்கும் சாக்கடைக்கும் பக்கத்துச் சேற்றில் நீங்களே தோண்டி எடுத்துச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கவே வேண்டாம்.

கோலா ஜூருவின் பாடம்

ஜூரு ஆற்று முகத்தில் கோலா ஜூரு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. 1970களில் பிறை தொழிற்பேட்டை வளரத் தொடங்கியதும், ஆற்றுக்குள் வரும் கழிவால் மீன்கள் செத்துப்போகின்றன, பிடிபடும் மீன் குறைகிறது என்று அந்த மக்கள் முறையிட்டார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. சங்கத்தின் தலைவர் எஸ்.எம்.முகமட் இட்ரிஸை உங்களில் பலருக்குத் தெரியும். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு மே மாதம் மறைந்த நம்முடைய தமிழ் முஸ்லிம் பெரியவர். கோலா ஜூரு மக்களின் வாழ்வுப் போராட்டத்தைப் பற்றி 1976இல் சங்கம் ஒரு நூலே வெளியிட்டது. மீன் குறைந்தபோது அந்த மக்கள் கைகட்டி உட்காரவில்லை. கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் வளர்த்தார்கள்.

பிறகு விஞ்ஞானிகள் வந்தார்கள். கோலா ஜூரு சேற்றுத்திட்டின் உலோக அளவுகளைக் கோலா மூடாவோடு ஒப்பிட்ட ஆய்வு 1994இல் வெளியானது. ஜூரு ஆற்று வண்டலில் உலோகங்கள் எவ்வளவு, எந்த வடிவில் ஒட்டியிருக்கின்றன என்று ஆராய்ந்த கட்டுரை 1995இல் வந்தது. இந்த "எந்த வடிவில்" என்பது முக்கியம். கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கும் உலோகம் உயிர்களுக்குள் எளிதில் போகாது. தளர்வாக ஒட்டியிருப்பதுதான் கெராங்குக்கும் மீனுக்கும் போகும். ஆகவே நாளை யாராவது மொத்த அளவை மட்டும் காட்டிப் பயமுறுத்தினாலும், அதே அளவைக் காட்டிச் சமாதானம் சொன்னாலும், "எவ்வளவு தளர்வாக இருக்கிறது?" என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

மக்கள் புகார் சொல்லி ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. விஞ்ஞானிகள் அளந்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது. புகாருக்கும் ஆய்வுக்கும் பிறகு நடக்க வேண்டியது சீரமைப்பு. அதைப் பற்றி இப்போது பார்ப்போம்.

சேற்றைச் சீராக்க முடியுமா?

முடியும். ஆனால் வரிசை தவறக் கூடாது.

முதல் வேலை, கழிவு வரும் வாயை அடைப்பது. மேலிருந்து கழிவு வந்துகொண்டே இருக்கும்போது கீழே சேற்றை அள்ளுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

இரண்டாவது வேலை, அளப்பது. எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எது, எவ்வளவு என்று வரைபடம் போட வேண்டும். அந்த வரைபடம் இல்லாமல் "சீரமைப்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, வழியைத் தேர்ந்தெடுப்பது. மாசு குறைவாக உள்ள இடத்தில் இயற்கையே புதிய வண்டலைக் கொண்டுவந்து மூடட்டும் என்று விட்டுவிட்டு, ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்கலாம். நடுத்தரமான இடத்தில் ஓர் அடி முதல் மூன்றடி வரை சுத்தமான மணலைப் பரப்பி மூடலாம். கரையோரத்தில் பாக்காவ் மரங்களை நட்டால், வேர்கள் சேற்றைக் கலையாமல் பிடித்து வைக்கும். மிக மோசமான இடத்தில் மட்டும் அள்ளித்தான் ஆக வேண்டும். அள்ளும்போது கலங்கல் வெளியே பரவாதபடி கடலுக்குள் திரை கட்ட வேண்டும். அள்ளிய சேற்றின் நீரை வடித்துச் சுத்திகரிக்க வேண்டும். நச்சுள்ள சேற்றை 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி கையாள வேண்டும். அதை ராத்திரியோடு ராத்திரியாக லோரியில் ஏற்றி நம் தாமானுக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் சீரமைப்பு அல்ல.

மினாமாத்தா காட்டும் வழி

இப்படி எங்காவது செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். ஜப்பானின் மினாமாத்தா வளைகுடாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சிஸ்ஸோ என்ற கம்பெனி 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்ததுபோல் சுழன்று செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் நடுங்கியது, பார்வையும் பேச்சும் போனது. தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளும் தப்பவில்லை. 1956இல் நோய் அதிகாரப்பூர்வமாகத் தெரியவந்தது. 1959இல் கம்பெனி மருத்துவமனையின் மருத்துவர் ஹொசோகாவா, ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். கம்பெனி அதை மறைத்தது. அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டு கழிவு ஓடியது. இதுவரை 2,200க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாக அரசால் அங்கீகரிக்கப்பட்டுள்ளனர். அங்கீகாரம் கிடைக்காமல் போராடியவர்கள் அதைவிடப் பன்மடங்கு.

1973இல் நீதிமன்றம் பாதிப்புக்குச் சிஸ்ஸோவே பொறுப்பு என்றது. 1974இல் வளைகுடாவின் வாயில் வலை கட்டினார்கள், நச்சு மீன் வெளியே போகாதபடி. 1977இல் சேற்றை அள்ளும் திட்டம் தொடங்கியது. கிளறினால் நஞ்சு மறுபடி பரவுமே என்று அஞ்சி மக்களே தடை கேட்டு வழக்குப் போட்டார்கள். 1980இல் வழக்கு தள்ளுபடியாகி, கடும் கண்காணிப்போடு வேலை மீண்டும் தொடங்கியது. 1990இல் முடிந்தது. சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு. பத்து லட்சம் பங்கில் 25 பங்குக்கு மேல் பாதரசம் இருந்த சேறு என்பது அளவுகோல். அதை இரும்புச் சுவருக்குள் அடைத்து மேலே மண் போட்டதில் 58 ஹெக்டர் நிலம் உருவானது. செலவு சுமார் 4,850 கோடி யென். அதில் பெரும்பங்கு சிஸ்ஸோவின் தலையில் விழுந்தது. வலையை எடுத்தது 1997இல்தான். ஆக, வலை கட்டி, அள்ளி, வலையை எடுக்க 23 ஆண்டு!

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. சீரமைப்புக்கு நீண்ட காலம் ஆகும், ஆனால் நடக்கும். கெடுத்தவனிடமிருந்து பணத்தை வாங்க முடியும். மக்கள் கேள்வி கேட்டதால்தான் வேலை கவனமாக நடந்தது.

ஜூரு மினாமாத்தா அல்ல. அந்த அளவு கொடுமை இங்கே நடந்ததாக நான் சொன்னதாக யாரும் திரித்துவிட வேண்டாம். ஆனால் அவ்வளவு மோசமான வளைகுடாவையே சீராக்க முடிந்தது என்றால், நம்முடைய கரையைச் சீராக்க முடியாது என்று யாரும் காரணம் சொல்ல முடியாது.

"கம்பெனியைப் பகைத்தால் வேலை போய்விடுமே?"

இது நம் வீடுகளில் உண்மையான பயம். மினாமாத்தாவிலும் இதே பயம்தான். ஊரே சிஸ்ஸோவை நம்பி இருந்தது. நோயாளிகளை ஊர்க்காரர்களே ஒதுக்கினார்கள். ஆனால் 1968ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிஸ்ஸோவின் தொழிலாளர் சங்கம் ஒன்று ஒரு தீர்மானம் போட்டது. இத்தனை காலம் நோயாளிகளுக்காகப் போராடாமல் இருந்தது தொழிலாளர்களாகிய தங்களுக்கு வெட்கம் என்று அறிவித்தது. அதே ஆலையில் சம்பளம் வாங்கியவர்கள் சொன்ன சொல் அது. கழிவைச் சுத்திகரிக்கச் சொல்வது ஆலையை மூடச் சொல்வது ஆகாது. கழிவைக் கடலில் கொட்டி மிச்சம் பிடிக்கும் பணம் தொழிலாளியின் சம்பளப் பையில் வந்து சேர்ந்ததாக நீங்கள் கண்டதுண்டா?

சட்டம் என்ன சொல்கிறது?

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதன் 25ஆம் பிரிவு ஆறு முதலிய உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடுக்கிறது. 29ஆம் பிரிவு நாட்டின் கடல் நீரில் கழிவு விடுவதைத் தடுக்கிறது. 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, பெரிய குற்றங்களுக்கு அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்ந்துவிட்டது. அதை வரவேற்போம். ஆனால் அபராதம் கட்டினால் கடலடிச் சேறு சுத்தமாகிவிடாது. ஆகவே 47ஆம் பிரிவைக் கவனியுங்கள். மாசை அகற்ற அரசு செய்த செலவை, மாசுபடுத்தியவரிடமிருந்து திரும்ப வசூலிக்க அது வழி செய்கிறது. இந்தப் பிரிவைப் பயன்படுத்துங்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் தான் தெக் செங் வழக்கில் தீர்ப்பளித்தார். அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்லும் "உயிர்" என்பது வெறும் மூச்சு அல்ல, ஓரளவு மாசில்லாத சுற்றுச்சூழலில் வாழ்வதும் அதில் அடங்கும் என்று விளக்கினார். அந்தத் தீர்ப்பு நமக்கு ஒரு கைத்தடி. அதே 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, சீரழிந்த இயற்கையைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்தில் எடுத்துச் சொல்லலாம்.

சட்டத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தனிமனிதர் இழப்பீடு கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 6 ஆண்டு கெடு. அரசு அமைப்புகள் மேல் என்றால் 36 மாதம்தான். உலோகமோ சேற்றில் ஐம்பது ஆண்டு கிடக்கிறது. கம்பெனி பெயர் மாறும், கைமாறும், மூடிவிட்டும் போகும். அதனால்தான் தேதியும் இடமும் குறித்த பதிவு நமக்கு வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நீதிமன்றத்தில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பேராக், புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் நம்முடைய மீனாட்சி ராமனும் ஒருவர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் மக்கள் வென்றார்கள். 1993இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிப்போனது. ஆனால் மக்கள் எதிர்ப்பு ஓயாததால் 1994இல் ஆலையே மூடப்பட்டது. இடத்தைத் துப்புரவு செய்ய மிட்சுபிஷி கெமிக்கல் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவழித்ததாக 2011இல் செய்தி வந்தது. வழக்கில் தோற்றவர்கள் துப்புரவை வென்றார்கள்!

துப்புரவு என்ற பெயரில் ஏமாற்றம்

இனி ஓர் எச்சரிக்கை. பினாங்கில் கடலோர நிலத்துக்கு இருக்கும் விலை உங்களுக்குத் தெரியும். ஜெலுத்தோங் குப்பைமேடு கடலை ஒட்டியே இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூனில் அது தீப்பற்றி எரிந்து, புகை நம் வீடுகளுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட இடத்தைச் சீராக்கத்தான் வேண்டும். ஆனால் சீரமைப்பு என்ற பெயரில், கெட்டுப்போன சேற்றின் மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, விலை உயர்ந்த அடுக்குமாடிகளைக் கட்டிவிட்டால், அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும். மினாமாத்தாவிலும் நிலம் உருவானது. ஆனால் சேற்றை அளந்து, அள்ளி, அடைத்த பிறகு உருவானது. எது முதலில் வந்தது என்று பாருங்கள்.

50 ஹெக்டரும் அதற்கு மேலும் கடலைத் தூர்க்கும் திட்டம் என்றால், சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த அறிக்கையைத் தயாரிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது திட்டக்காரர்தான். வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அள்ளுகிற கை யாருடையது?

தமிழ்நாட்டில், சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகம். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகள் அந்தக் கழிமுகத்தில் படிந்தது. சாம்பலை அகற்றிச் சீராக்குமாறு 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியது. அடுத்த ஆண்டே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பரவியது. அதை யார் அள்ளினார்கள் தெரியுமா? மீன் பிடிக்க முடியாமல் போன மீனவர்களே, வாளியையும் குவளையையும் வைத்து வெறுங்கையால் அள்ளினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

நாளை நம் கரையில் சேறு அள்ளும் வேலை வந்தால், அந்த வேலைக்குக் குத்தகையாளர் யாரைத் தேடி வருவார்? நம் பிள்ளைகளையும் வங்காளதேசத் தொழிலாளர்களையும்தான். ஆகவே இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் 2024ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் வேலையிடத்தில் முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ள அதன் 26ஏ பிரிவு தொழிலாளிக்கு உரிமை தருகிறது. கையுறை, பூட்ஸ், முகக்கவசம் கேட்பது தயவு கேட்பதாகாது. சேற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பதும் உங்கள் உரிமை.

நாம் கேட்பது என்ன?

ஒன்று, ஜூரு ஆற்று முகம், பிறை கரை, பினாங்கு ஆற்று முகம், ஜெலுத்தோங் கரை ஆகிய இடங்களின் சேற்றையும் அங்கு விளையும் கெராங்கையும் சுயேச்சையான ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் சோதித்து, முடிவை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளியிட வேண்டும்.

இரண்டு, எந்த அளவுகோலை வைத்து "பரவாயில்லை" என்று சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று, கழிவு வரும் வாயை முதலில் அடைக்க வேண்டும். சீரமைப்புச் செலவை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும்.

நான்கு, சேறு சீராகாத இடத்தில் தூர்ப்பு வேலைக்கு அனுமதி கூடாது. சீரமைப்பைக் கண்காணிக்கும் குழுவில் மீனவர்களும் குடியிருப்பாளர்களும் தொழிலாளர்களும் இடம்பெற வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியதும் உண்டு. கால்வாயில் நிறம் மாறிய தண்ணீரோ செத்த மீனோ கண்டால் கைப்பேசியில் படம் எடுங்கள். தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள். அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். சுற்றுச்சூழல் இலாகாவில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல் புகார் காற்றோடு போகும். எண் உள்ள புகார் நீதிமன்றம் வரை வரும். தொழிற்சாலைக்குள் வேலை செய்கிறவர்கள், எந்த ஷிப்டில் எந்தக் குழாய் திறக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் நீங்கள். தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள். சங்கத்தின் வழியாகவோ வழக்கறிஞர் வழியாகவோ பேசுங்கள். மலாய், சீன மீனவர் சங்கங்களோடு ஒரே மேசையில் உட்காருங்கள். ஜூரு ஆற்றுத் தண்ணீர் யாருடைய இனத்தையும் கேட்டுவிட்டு ஓடுவதில்லை.

கோலா ஜூருவில் முதலில் குரல் கொடுத்தவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் காட்டிய சேறு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் காலத்திலாவது அந்தக் கணக்கு தீர வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாய் எங்கே போய்க் கடலில் சேருகிறது என்று கண்டுபிடியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதைச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.